படங்கு போர்த்திய பியானோ

பியானோ வாங்குவதற்கு முன்னர் அதைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: காலில் விழுந்தால் கால் போய்விடும்.

ஆனாலும் வாங்குவோம் என்று சொன்னவன் நான்தான். நான் கவலைப்படுகிற ஆள். கிணற்றுக்குள் வாளி விழுந்த சத்தம் கேட்டால் முதலில் பிள்ளைகளை எண்ணுவேன். இரண்டு பிள்ளைகளும் கலியாணம் கட்டி வேறு ஊர்களுக்குப் போன பிறகும் எண்ணினேன். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் முரசுமோட்டை வயலையும் அதற்கு மேலே இருக்கிற வானத்தையும்தான். வருடம் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குக் கவலை வராமல் வேறென்ன வரும்?

என் மனைவிக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் சும்மா இருக்கும்போது பத்து விரலும் மேசை விளிம்பில் ஓடும். பஸ்ஸில் போகும்போது மடியில் இருக்கும் பையின் மேல் ஓடும். எனக்குக் கால் ஆடுவதுபோல அவளுக்கு விரல் ஆடுகிறது, இரண்டும் ஒரே வருத்தம்தான் என்று இருபத்தைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் சொன்னாள். சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூட விடுதியில் இருந்தபோது மூன்று வருடம் பியானோ படித்தாளாம். பிறகு இடம்பெயர்ந்து இங்கே வந்துவிட்டார்கள். பியானோ கூட வரவில்லை. அது விரலுக்குத் தெரியாது.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"சொன்னால் நீங்கள் கவலைப்படுவியள்."

அவள் சொன்னது சரி. அன்றைக்கே தொடங்கிவிட்டேன். சோறு தின்னும்போது அந்த விரல்களைப் பார்ப்பேன், சோறு இறங்காது. கடைசியில், இந்தக் கவலையோடு இருப்பதைவிட ஒரு பியானோவோடு இருப்பது சுகம் என்று முடிவுக்கு வந்தேன். அது பிழையான கணக்கு. இரண்டும் சேர்ந்து வரும் என்று எனக்கு அப்போது தெரியாது.

விடுதியில் அவளோடு படித்த ஒருத்தி தகவல் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர் ஒருவர், ஊர்ச் சங்கீதம் அல்ல, மேல்நாட்டுச் சங்கீதம், தன் வீட்டைவிட்டு மகளின் மாடி வீட்டுக்குப் போகிறாராம். மாடிப்படி ஒடுக்கமாம். பியானோ ஏறாதாம். ஆவணி மாதம், சிறுபோகம் வெட்டி முடிந்த கையோடு இரண்டு பேரும் போனோம்.

நாங்கள் பியானோவைப் பார்க்கப் போனோம். ரீச்சர் எங்களைப் பார்த்தார். பெண் கொடுக்கிற வீட்டில்கூட அவ்வளவு கேட்கமாட்டார்கள். வீடு எந்தப் பக்கம் பார்த்தது, கூரை ஓடா தகரமா, மாரியில் எந்த மூலை ஒழுகும், எலி உண்டா, கறையான் உண்டா, மேசைமேல் ஏறுகிற வயதில் பேரப்பிள்ளைகள் உண்டா. விலையை ஒரு வசனத்தில் முடித்துவிட்டுத் திரும்பவும் கூரைக்கு வந்தார். மனைவி பியானோவைத் தொடாமல் அதற்கு ஓரடி தள்ளி, கோயிலில் நிற்பதுபோல் நின்றாள்.

"ஆர் வாசிக்கிறது?" என்று கேட்டார் ரீச்சர்.

"மனிசி."

"அப்ப நீங்கள்?"

"நான் கவலைப்படுறதுக்கு, ரீச்சர்."

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கும் ஒராள் வேணும்தான்" என்றார்.

பிறகு ஒரு கொப்பித்தாளில், அச்சடித்தது போன்ற எழுத்தில், செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் எழுதித் தந்தார். வெயில் படக் கூடாது. மழைத் துளி படக் கூடாது. மேலே பூச்சாடியோ சாமிப்படமோ குத்துவிளக்கோ வைக்கக் கூடாது. எறும்புக்குப் பயந்து, சாப்பாட்டு அலுமாரிக்கு வைப்பதுபோலக் கால்களுக்குக் கீழே தண்ணீர்ப் பேணி வைக்கக் கூடாது. (அந்த வரியை வாசித்தபோது எனக்கு வியர்த்தது. நான்கு பேணிகளை நான் ஏற்கெனவே மனதில் எடுத்து வைத்திருந்தேன்.) கடைசி வரியின் கீழே கோடு போட்டிருந்தார்: ஒவ்வொரு நாளும் வாசிக்க வேண்டும்.

தாளைத் தந்துவிட்டுச் சொன்னார்: "தை மாதம், நீங்கள் நெல்லு வெட்டிற நேரம் நான் வந்து பார்ப்பன். பழுதாக்கி வைச்சிருந்தாலோ, வாசிக்காமல் வைச்சிருந்தாலோ காசைத் திருப்பித் தந்திட்டு ஏத்திக்கொண்டு போவன். சம்மதமெண்டால் கொண்டு போங்கோ."

சம்மதம் என்றது மனைவி. அதை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பியானோவைப் பார்த்துச் சொன்னாள்.

பக்கத்து வளவுக்காரன் ஒருவன் சின்ன லொறி வைத்திருக்கிறான். நெல்லும் சீமெந்தும் ஏற்றுகிறவன். என்னை அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று தரமாவது பகிடி பண்ணாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு செமிக்காது. லொறிக்குள் வைக்கோல் பரப்பி, நெல் மூட்டை கட்டுகிற கயிற்றால் பியானோவைக் கட்டினோம். மனைவியை முன்னால் ஏற்றிவிட்டு நான் பின்னால் பியானோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு குழிக்கும் அது உள்ளுக்குள் முனகியது. ஆனையிறவில் உப்புக்காற்று அடித்தபோது என் சேட்டைக் கழற்றி அதன் மேல் போட்டேன். பரந்தனில் அவன் லொறியை நிற்பாட்டி எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, பொம்பிளை வழிநெடுகப் பாடிக்கொண்டு வாறா. மாப்பிளைதான் அழுகிறார்."

வீட்டுக்கு வந்த பிறகு, எங்கே வைப்பது என்பதற்கு மூன்று நாள் எடுத்தேன். கடைசியில் நடு அறையில், விதைநெல் மூட்டைகள் இருந்த இடத்தில் வைத்தோம். மழை அடிக்காத சுவர் அது ஒன்றுதான். விதைநெல்லைக் கட்டில் கிடந்த அறைக்கு மாற்றினேன். பின்னேரத்தில் ஐந்து மணிக்கு மனைவி குசினியை ஒதுக்கிவிட்டு, கைகழுவித் துடைத்துக்கொண்டு வந்து பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பாள். முதல் மாதம் அவள் வாசித்தது பாட்டுப் போலவே இல்லை. ஒரு வீட்டில் யாரோ சாவியைத் தேடுவதுபோல இருந்தது. பிறகு ஒருநாள் சாவி கிடைத்துவிட்டது. சின்னப் பாட்டுத்தான், விடுதியில் படித்தது, பாதிதான் ஞாபகம். பாதி முடிந்ததும் திரும்பவும் முதலில் இருந்து வாசிப்பாள். நான் விறாந்தையில் இருந்து கேட்பேன். அந்த நேரத்தில் என் கால் ஆடுவதில்லை என்று அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

மற்ற நேரமெல்லாம் ஆடியது. கறையான் வருகிறதா என்று காலையிலும் மாலையிலும் சுவரோரம் குனிந்து பார்த்தேன். ஒரு மத்தியானம் வீட்டில் நான் மட்டும் இருந்தபோது பியானோ தானாக ஒரு சத்தம் போட்டது. மெல்லிய, மேல் கட்டைச் சத்தம். பயத்தோடு மூடியைத் திறந்தால் உள்ளே பல்லி. பல்லி சொன்னால் பஞ்சாங்கத்தில் பலன் பார்க்கலாம். பல்லி பியானோ வாசித்தால் என்ன பலன் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. நல்லதாய் இருக்காது என்று நானே எழுதிக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை தொடங்கியது.

இனி நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு படங்கு இருக்கும். தடித்த பிளாஸ்ரிக் விரிப்பு. நெல் காயப்போடுவது அதன் மேல். மழை வந்தால் மூடுவதும் அதனால். ஒரு காலத்தில் நாங்களே அதன் கீழேதான் குடியிருந்தோம். மழையில் ஒரு பொருளைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வன்னியில் பிறந்தவனுடைய கை மூளையைக் கேட்காமலே படங்கைத் தேடும். ரீச்சரின் தாளை எடுத்துப் பார்த்தேன். படங்கு கூடாது என்று ஒரு வரியும் இல்லை. யாழ்ப்பாண நகரத்தில் இருக்கிற சங்கீத ரீச்சருக்குப் படங்கு ஞாபகம் வருமா?

என்னிடம் இருந்ததில் ஆகத் திறமான படங்கை எடுத்து, பியானோவைத் தலையில் இருந்து கால் வரை மூடி, கீழே ஓரங்களை மடித்துச் செங்கல் வைத்து, நடுவில் கயிறு போட்டு இறுக்கினேன். ஐந்து மணிக்கு அவிழ்ப்பேன். அவள் வாசித்து முடித்துக் கையெடுக்க முதல் கட்டிவிடுவேன்.

"இஞ்சாருங்கோ, அதுக்கு மூச்சுவிட வேண்டாமே?" என்று அவள் கேட்டாள்.

மூச்சு விடுகிற பொருள் மழைக்காலத்தில் மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்லது என்று சொன்னேன்.

கார்த்திகையில், பியானோவில் விரல் வைத்து அழுத்துகிற கட்டைகளில் ஒன்று அழுத்தியது அழுத்தியபடி நின்றது. எழும்பவில்லை. ஈரம் எங்கேயோ புகுந்துவிட்டது என்று நினைத்து இரண்டாவது படங்கையும் போட்டேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கட்டைகள் படுத்தன. கயிற்றை இன்னும் இறுக்கினேன். மார்கழி நடுவில் எண்ணிப் பார்த்தேன்: ஏழு. மனைவி என்னை ஏசவில்லை. ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு வந்து இருந்தாள். வாசித்தாள். நான் விறாந்தையில் இருந்து, வயலில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, தை மாதத்துக்கு எத்தனை நாள் என்று விரல் மடித்தேன்.

தைப்பொங்கல் முடிந்து மழை விட்டது. வெட்டு மெசின் வந்து எங்கள் வயலை வெட்டியது. மூட்டைகளை இறக்கி, நெல் காயப்போட வேண்டும், ஒரு படங்கு குறைகிறது என்று பியானோவின் மேல்படங்கை உருவினேன். அப்போது ஒரு மணம் வந்தது. முகத்துக்கு நேரே வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த மணம். ஈர நெல்லைக் குவித்துப் படங்கால் மூடி வைத்தால் இரண்டாம் நாள் வருகிற புழுங்கல் மணம்.

ஈர நெல்லை மூடக் கூடாது என்று எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். மூடினால் அவியும், சூடேறும், முளைக்கும். மாரியில் காற்றே ஈரம். அந்த ஈரத்தை ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு உள்ளே விட்டு, ஆறு மணிக்கு வெளியே போகாமல் கட்டி வைத்திருந்திருக்கிறேன். நாற்பது வருடம் விவசாயம் செய்தவன், நெல்லுக்குச் செய்யாத மடைத்தனத்தைப் பியானோவுக்குச் செய்திருக்கிறேன். ரீச்சர் வெள்ளிக்கிழமை வருவதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அன்றைக்குச் செவ்வாய்.

ஈரமான நெல்லுக்கு என்ன மருந்து? வெயில். ரீச்சரின் தாளில் முதல் வரி என்ன? வெயில் படக் கூடாது. அன்று இரவு முழுக்க இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு படுத்தேன். விடியும்போது ஒரு நியாயம் கிடைத்தது. விதைநெல்லை நாங்கள் கடும் வெயிலில் போடமாட்டோம், போட்டால் முளைக்காது. காலை இளவெயிலில் போட்டு, வெயில் ஏற முதல் அள்ளிவிடுவோம். பியானோவை விதைநெல்லாக எடுத்துக்கொள்வோம். ஒரு மணித்தியாலம். மனைவி புதன்கிழமை காலையில் கிளிநொச்சிச் சந்தைக்குப் போவாள். அவள் திரும்ப முதல் முடித்துவிடலாம்.

பக்கத்து வளவுக்காரனும் அவனோடு நெல் ஏற்ற வந்த நான்கு பேரும் சேர்ந்து பியானோவைத் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். விரித்திருந்த படங்கில் ஒரு பக்கம் நெல், மறுபக்கம் பியானோ. மூடியைத் திறந்து, முன்பலகையைக் கழற்றிச் சுவரில் சாத்தினேன்.

"அண்ணை, காலால விளாவி விடட்டே?" என்று கேட்டான் அவன். நெல்லை அப்படித்தான் காலால் அளைந்து பிரட்டிவிடுவோம். "ஒரு பக்கம்தானே காயும்."

காகம் வந்து பியானோவின் மேல் இருந்தது. அதைத் துரத்தினேன். கோழி வந்தது. கோழியைத் துரத்திவிட்டு நிமிர்ந்தபோது படலையடியில் ஒரு வான் நின்றது.

ரீச்சர் வெள்ளிக்கிழமை வருவதாகத்தான் இருந்தாராம். ஆனால் அவருடைய சொந்தக்காரர்கள் முல்லைத்தீவுப் பக்கம் ஏதோ அலுவலாகப் புதன்கிழமையே போனார்களாம். போகிற வழிதானே என்று அவரும் ஏறிவிட்டார். வானில் இருந்து இறங்கி முற்றத்தைப் பார்த்தார். கையில் இருந்த குடையை விரித்துக்கொண்டு நடந்து வந்தார். தன் தலைக்குத்தான் என்று நினைத்தேன். நேரே வந்து பியானோவுக்குப் பிடித்தார்.

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எதையும் ஒளித்து வைக்க எனக்குத் தெரியாது. கவலைப்படுகிறவனுக்குப் பொய் சொல்ல நேரமில்லை. ஐப்பசி, முதல் படங்கு, செங்கல், கயிறு, இரண்டாம் படங்கு, மணம், விதைநெல். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"படங்கெண்டால் எது?"

"நீங்கள் மிதிச்சுக்கொண்டு நிக்கிறது, ரீச்சர்."

அவர் குனிந்து பார்த்தார். குடையை என் கையில் தந்துவிட்டு, இடது ஓரத்தில் இருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு வந்தார். படுத்த கட்டை வரும்போதெல்லாம் விரல் ஒரு கணம் அதன் மேல் நின்றது. வலது ஓரத்துக்கு வந்ததும் கையைத் துடைத்தார்.

"தம்பி, நான் அண்டைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கோ?"

"ஓம், ரீச்சர்."

"இந்த வானுக்குள்ளை ஏறாது. நாளைக்கு ஒரு லொறி அனுப்பிறன்."

பியானோ போவதைப் பற்றி நான் ஆயிரம் விதமாக ஏற்கெனவே கவலைப்பட்டிருந்தேன்: கறையான், தீ, வெள்ளம், கூரை. அது போன பிறகு சாப்பாட்டு மேசையில் எதிரே ஓடப்போகிற விரல்களைப் பற்றி ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

அப்போது மனைவி சந்தையில் இருந்து வந்தாள். சைக்கிள் கரியரில் மரக்கறிப் பை. முற்றத்தைப் பார்த்தாள், ரீச்சரைப் பார்த்தாள், குடை பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். அவளுக்கு எதையும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. சைக்கிளை மதிலில் சாத்தினாள். கிணற்றடிக்குப் போய்க் கைகழுவி, துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டட்டே, ரீச்சர்?"

நான் கதிரையை எடுத்துவந்து போட்டேன். நெல் ஒரு கதிரைக்காலின் கீழே நொறுங்கியது. அவள் வாசித்தாள். அந்தப் பாதிப் பாட்டுத்தான். ஆனால் பாட்டு எங்கேயும் இடறவில்லை. படுத்த கட்டைகளில் விரல் படவே இல்லை. தண்ணீர் நிற்கிற ஒழுங்கையில் கல்லுக்குக் கல் தாவிப் போகிறவளைப் போல, அந்த ஏழையும் தாண்டித் தாண்டி, தாண்டியது தெரியாமல் போனாள். விறாந்தையில் இருந்து கேட்ட எனக்கும் இது தெரிந்திருக்கவில்லை. பாட்டு மாரியோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருந்தது. நான் அதுதான் பாட்டு என்று நினைத்திருந்தேன்.

ரீச்சர் கிட்டே போய் ஒரு படுத்த கட்டையைத் தொட்டார். "இது எப்ப துவக்கம்?"

"கார்த்திகை விளக்கீட்டுக்கு மற்ற நாள்."

"இது?"

"கடைசிப் பசளை எறிஞ்ச அண்டைக்கு. முதல் நாள் பின்னேரம் எழும்பினது, அண்டைக்கு இல்லை."

"இது?"

"குளத்துக் கதவு திறந்த அண்டைக்கு, ரீச்சர். அதோட சேர்ந்து பக்கத்திலை இருக்கிறதும்."

ஏழுக்கும் சொன்னாள். ரீச்சர் கையை எடுத்தார்.

"என்ரை வீட்டிலை எல்லாக் கட்டையும் எழும்பினது" என்றார். "ஆனால் எது எப்ப எழும்பாமல் விட்டாலும் எனக்குத் தெரிஞ்சிராது. கடைசி ஒண்டரை வருசம் நான் மூடியே திறக்கேல்லை."

பிறகு அவரது குரல் மாறியது. பள்ளிக்கூடக் குரல் வந்தது. உடனே உள்ளே தூக்கச் சொன்னார், வெயில் ஏறுகிறது. கட்டை செத்துப் போகவில்லை, ஈரத்தில் வீங்கியிருக்கிறது. காய்ந்தால் எழும்பும், எழும்பாததைச் சுருதி கூட்டுகிற ஆள் வந்து பார்ப்பார். மாரியில் பியானோவின் வயிற்றுக்குள் சின்ன பல்ப் ஒன்று எரியவிட வேண்டும். மரம், துணி எதிலும் முட்டாமல் வைத்தால், அந்தச் சூடு போதும்.

"கோழிக்குஞ்சுக்குப் போடுற மாதிரியே, ரீச்சர்?"

"ஓம். கோழிக்குஞ்சுக்குப் போடுற மாதிரித்தான்."

தாளைக் கேட்டார். சட்டைப் பையிலேயே இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. பியானோவின் மேல் வைத்து ஒரு வரி சேர்த்து எழுதினார்: படங்கு போடக் கூடாது. எழுதி முடித்தவர் வானுக்குப் போக வேண்டியதுதானே. போகவில்லை. படங்கைச் சுட்டிக் காட்டினார்.

"இதை மடிச்சு வானுக்குள்ளை வைச்சு விடுங்கோ."

"ரீச்சர், அதிலை நெல்லு காயுது."

"நெல்லை அள்ளிப்போட்டு வையுங்கோ."

அள்ளினோம். மடித்தோம். இரண்டாவதையும் கேட்டார். பியானோவுக்கு லொறி வருமென்று சொன்னவர், இரண்டு படங்குகளையும் மடியில் வைத்துக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போனார். திருப்பித் தருவதாக ஒரு பேச்சும் இல்லை.

ஒரு கிழமையில் ஐந்து கட்டைகள் தாமாக எழும்பின. மற்ற இரண்டையும் சுருதி கூட்டுகிறவர் வந்து எழுப்பிவிட்டார். மனைவிக்கு அது பிடிக்கவில்லை போலும். பாட்டைப் பழையபடி வாசிக்கத் திரும்பவும் படிக்க வேண்டியிருந்தது. இப்போதும் சில நாள்களில் அந்த ஏழையும் விட்டுத் தாண்டித்தான் போகிறாள். எனக்கு அதுதான் கேட்க வடிவு. பல்ப் வாங்கி வைத்திருக்கிறேன். அது சூடேறி மரத்தில் பிடித்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு முற்றத்தில் நெல் குவிந்து கிடந்தது, வானத்தில் வடக்குப் பக்கம் ஒரு கருக்கல் இருந்தது, வீட்டில் ஓட்டையில்லாத படங்கு இல்லை. பக்கத்து வளவுக்காரனிடம் போய்க் கேட்டேன். அவன் தன் புதுப் படங்கை எடுத்து வைத்துக்கொண்டு, கொடுக்காமல் நின்றான். உள்ளே போய் ஒரு கொப்பித்தாளும் பேனையும் கொண்டுவந்தான்.

"நெல்லுக்கு மட்டும்தான் எண்டு எழுதித் தாங்கோ, அண்ணை."

எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன்.